இரண்டாம் இடத்து அணி எங்கே போகும்?

லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தின் வடமேற்கு ஓரத்தில், சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், உட்லண்ட் ஹில்ஸ் என்றொரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. எல் கமீனோ ரியல், டாஃப்ட் ஆகிய இரண்டு பள்ளிகளும் அங்கேதான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் காரில் சில நிமிடப் பயணம். அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் அறிவுப் போட்டிகளில் பெரும்பெயர் பெற்ற அகடமிக் டெகத்லானின் தேசியக் கோப்பையை 2004, 2005 ஆண்டுகளில் எல் கமீனோ ரியல் வென்றது. 2006இல் டாஃப்ட் வென்றது. 2007இல் மறுபடியும் எல் கமீனோ ரியல். ஐம்பது மாநிலங்கள் கொண்ட ஒரு நாட்டின் கோப்பை நான்கு ஆண்டுகள் ஒரே பேட்டையை விட்டு வெளியே போகவில்லை.

அதோடு நிற்கவில்லை. 2003, 2008, 2009 ஆண்டுகளில் வென்ற மூர்பார்க் பள்ளி, அதே பள்ளத்தாக்கைத் தாண்டியதும் வரும் சிற்றூரில் இருக்கிறது. 2010இல் எல் கமீனோ ரியல். 2011, 2012, 2013 மூன்று ஆண்டுகளும் அதே பள்ளத்தாக்கின் கிரனடா ஹில்ஸ் பள்ளி. பதினோரு ஆண்டுக் கோப்பைகளையும் ஒரே காலைப்பொழுதில் காரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். 1982இல் தேசியப் போட்டி தொடங்கியதிலிருந்து கலிஃபோர்னியா, டெக்சஸ் இரண்டுக்கும் வெளியே கோப்பையைக் கொண்டுபோன பள்ளி ஒன்றே ஒன்றுதான்: 2002இல் வென்ற விஸ்கான்சின் மாநிலத்தின் வாகிஷா வெஸ்ட்.

இந்தப் பட்டியலைப் பார்க்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது, அந்த ஊர்ப் பிள்ளைகள் மற்ற ஊர்ப் பிள்ளைகளைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதுதான். இரண்டாவதாகத் தோன்றுவது, பணக்காரப் பகுதி, அதனால்தான் என்பது. பணத்துக்குப் பங்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அமெரிக்காவில் பணக்காரப் புறநகர்களுக்கா பஞ்சம்? கனெக்டிகட்டிலும் நியூ ஜெர்சியிலும் இல்லாத பணமா? விடையைத் தேட வேண்டிய இடம் வேறு. கோப்பை வென்ற அணியை விட்டுவிட்டு, அந்த வட்டாரத்தில் அதனிடம் தோற்ற அணியைப் பார்க்க வேண்டும்.

முதலில் போட்டியின் அமைப்பு. கலிஃபோர்னியாவின் ஆரஞ்ச் கவுண்டியில் கல்வித்துறைக் கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் பீட்டர்சன் 1968இல் இதைத் தொடங்கினார். அணிக்கு ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும் பள்ளி தன் விருப்பப்படி பொறுக்கி எடுத்துவிட முடியாது. வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் வாங்குபவர்கள் மூன்று பேர், நடுத்தர மதிப்பெண்காரர்கள் மூன்று பேர், குறைந்த மதிப்பெண்காரர்கள் மூன்று பேர் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இருவரின் புள்ளிகள் அணியின் கணக்கில் சேரும். கலை, இசை, இலக்கியம், பொருளாதாரம், அறிவியல், சமூக அறிவியல், கணிதம் ஆகியவற்றோடு கட்டுரை, பேச்சு, நேர்காணல் என்று பத்துக் களங்கள். ஆறு பேர், பத்துக் களம், களத்துக்கு ஆயிரம் புள்ளி. முழு மதிப்பெண் 60,000. பார்வையாளர்களுக்கு முன்னால் நடக்கும் சூப்பர் குவிஸ் என்ற வினாடி வினாவுக்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும் அணியில் கட்டாயம் இடம் வைத்த இந்த விதி மிக அழகானது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடப்புத்தகம் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை ஆசிரியர்கள் தேடிப் பிடித்து அழைக்க வேண்டியிருக்கிறது. அப்படியொரு பிள்ளை இல்லாமல் கோப்பை இல்லை. தமிழ்நாட்டில் எந்தப் போட்டியாவது இந்த விதியை இரவல் வாங்கினால் நன்றாக இருக்கும்.

இனி அந்தப் பேட்டைக்கு வருவோம். லாஸ் ஏஞ்சலீஸ் ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டம் அமெரிக்காவிலேயே இரண்டாவது பெரியது. அந்த ஆண்டுகளில் அகடமிக் டெகத்லானின் மாவட்டச் சுற்றில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மோதின. பல பள்ளிகளில் இது பள்ளி நேரத்திலேயே நடக்கும் ஒரு வகுப்பு. அதற்கென்று ஆசிரியர் உண்டு, அந்த ஆசிரியருக்குப் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு பல ஆண்டுப் போட்டியும் உண்டு. எல் கமீனோ ரியல் பயந்தது டெக்சஸைப் பார்த்து அல்ல, டாஃப்டைப் பார்த்து. டாஃப்ட் இரவு பத்து மணிவரை படிக்கிறது என்ற செய்தி வந்தால் இங்கே பதினொரு மணிவரை விளக்கு எரிந்திருக்கும். இப்படி வருடக்கணக்கில் பக்கத்து வீட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தேசியப் போட்டி பழகிய மைதானமாகவே இருந்திருக்கும்.

இங்கேதான் ஒரு சிக்கல். தேசியச் சுற்றில் நெடுங்காலம் மாநிலத்துக்கு ஓர் அணிதான். கலிஃபோர்னியாவில் இரண்டாவதாக வந்த அணி, வேறு பல மாநிலங்களின் சாம்பியனைவிட அதிகப் புள்ளி எடுத்திருந்தாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும். தேசிய முடிவுப் பட்டியலை மட்டும் படிப்பவருக்குக் கலிஃபோர்னியாவும் ஓர் அணி, ஏதோ ஒரு சிறிய மாநிலமும் ஓர் அணி. முதலாவதன் பின்னால் வலுவான பல பள்ளிகள் வரிசை கட்டி நிற்பது பட்டியலில் தெரியாது. ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரையாவதும் தெரியாது.

ஒற்றை இருக்கை என்ற விதி எவ்வளவு அழுத்தம் தரும் என்பதற்கு 1995ஆம் ஆண்டின் இல்லினாய் சாட்சி. அங்கே சிகாகோவின் விட்னி யங் பள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாநிலக் கோப்பையை வென்றுகொண்டிருந்தது. அது நுழைவுத் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளி. அதே நகரின் உழைக்கும் மக்கள் பகுதியில் இருந்த ஸ்டைன்மெட்ஸ் பள்ளி, அந்த ஆண்டு மாநிலப் போட்டியில் அதைத் தோற்கடித்தது. பலரும் வியந்தார்கள். பிறகுதான் கேள்வித்தாள் முன்கூட்டியே அவர்கள் கைக்கு வந்திருந்தது வெளிப்பட்டது. பட்டம் பறிக்கப்பட்டு விட்னி யங்குக்குத் தரப்பட்டது. இந்தக் கதையை 2000ஆம் ஆண்டில் ஹெச்பிஓ 'சீட்டர்ஸ்' என்ற பெயரில் படமாகவே எடுத்தது. திருட்டு திருட்டுதான், அதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. ஆனாலும் ஒரே நகரத்தில் எப்போதும் பின்னால்தான் என்று ஆகிவிட்ட பிள்ளைகளுக்கு, வெளியே போய்த் தங்களை அளந்து பார்க்க நேர்மையான வாசல் எதுவுமே இல்லாமல் போட்டியை வடிவமைத்தவர்கள் அதைப் பற்றிக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அமெரிக்க எரிசக்தித் துறை 1991இல் தொடங்கிய நேஷனல் சயின்ஸ் பவுல் போட்டியிலும் இதே அமைப்புதான். நாடு முழுக்க வட்டாரச் சுற்றுகள் நடக்கும், பலவற்றைத் துறையின் ஆய்வகங்களே நடத்தும். வட்டார வெற்றியாளர் வாஷிங்டன் பகுதியில் நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போவார். 2013, 2014 இரண்டு ஆண்டும் சாக்ரமென்டோவின் மீரா லோமா, 2015இல் ஃப்ரீமான்ட்டின் மிஷன் சான் ஹோசே, 2016, 2017 இரண்டு ஆண்டும் சான் ஹோசேயின் லின்புரூக். ஐந்து ஆண்டும் வடக்குக் கலிஃபோர்னியா. பிறகு 2018இல் மாசசூசெட்ஸின் லெக்சிங்டன், 2019இல் மேரிலாந்தின் ரிச்சர்ட் மான்ட்கோமரி. சிலிக்கான் பள்ளத்தாக்கில் அறிவியல் வெறி பிடித்த பள்ளிகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் ஒரு வட்டாரச் சுற்றிலிருந்து பொதுவாக ஓர் அணிதான். லின்புரூக்கிடம் அரையிறுதியில் தோற்ற அணி, வேறு ஊரில் பிறந்திருந்தால் வாஷிங்டனுக்கு விமானம் ஏறியிருக்கும்.

வட்டாரங்களை ஒப்பிடுவதில் அமெரிக்கப் பள்ளிகள் கண்ட நேர்மையான வழி, குவிஸ்பவுல் என்ற விளையாட்டில் இருக்கிறது.

இதன் வேர் பழையது. டான் ரீட் என்பவர் உருவாக்கிய 'காலேஜ் பவுல்' 1953இல் வானொலியில் வந்தது, 1959 முதல் 1970 வரை தொலைக்காட்சியில் ஓடியது. அதைப் பார்த்து ஊர்ஊராகப் பள்ளிகளுக்கான நிகழ்ச்சிகள் முளைத்தன. வாஷிங்டனில் சோஃபி ஆல்ட்மன் 1961இல் தொடங்கிய 'இட்ஸ் அகடமிக்' உலகிலேயே நீண்டகாலம் ஓடும் தொலைக்காட்சி வினாடி வினா என்று கின்னஸில் இடம்பெற்றது. மாக் மக்கேரி ஐம்பது ஆண்டு அதை நடத்தினார். பின்னாளில் அமெரிக்க செனட்டின் பெரும்பான்மைத் தலைவரான சக் ஷூமர், நியூயார்க்கில் நடந்த அதன் பதிப்பில் பள்ளிச் சிறுவனாகக் கலந்துகொண்டவர்.

தொலைக்காட்சிக் கேள்விகள் ஒற்றை வரிக் கேள்விகள். "1729 என்ற எண்ணோடு சேர்த்துப் பேசப்படும் கணித மேதை யார்?" என்று கேட்டால் இரண்டு அணிக்கும் தெரியும். யார் விரல் முந்துகிறதோ அவர்களுக்குப் புள்ளி. இதில் விரல் வேகம் அளக்கப்படுகிறது, அறிவு அளக்கப்படுவதில்லை. இதில் சலித்துப்போனவர்கள் வேறு மாதிரிக் கேள்வி எழுதத் தொடங்கினார்கள். ராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். அவர்கள் கேள்வி இப்படி நடக்கும்: இவர் 1920 ஜனவரியில் எழுதிய கடிதமொன்றில் 'மாக் தீட்டா' சார்புகள் என்று ஒன்றை அறிமுகப்படுத்தினார், அதற்கு முன் ஒரு துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார், கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண்ணைப் பற்றி மருத்துவமனைப் படுக்கையில் இருந்து ஒரு வார்த்தை சொன்னார். கேள்வி வாசிக்கப்படும்போதே எந்த இடத்திலும் பஸ்ஸரை அழுத்தலாம். கணிதத்தை உண்மையிலேயே படித்தவர் முதல் வரியில் அழுத்துவார். வாழ்க்கை வரலாறு படித்தவர் நடுவில் அழுத்துவார். டாக்சிக் கதை மட்டும் தெரிந்தவருக்குக் கடைசிவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சிலருக்கே தெரிந்த கூரான முனையிலிருந்து பலருக்கும் தெரிந்த அகலமான அடிக்கு இறங்குவதால் இதற்குப் பிரமிடுக் கேள்வி என்று பெயர்.

1996இல் நிறுவப்பட்ட என்ஏகியூடி என்ற அமைப்பு, 1999 முதல் பள்ளிகளுக்கான தேசிய சாம்பியன்ஷிப்பை நடத்துகிறது. பேஸ் என்ற இன்னோர் அமைப்பு 1998 முதல் தனியாகத் தேசியப் போட்டி வைக்கிறது. என்ஏகியூடி ஆட்டத்தில் அணிக்கு நான்கு பேர். இரண்டு அணிக்கும் பொதுவான டாஸ்அப் கேள்விக்குச் சரியான விடை பத்துப் புள்ளி. மிகக் கடினமான குறிப்புகள் முடியும் முன்பே சொல்லிவிட்டால் பதினைந்து. அவசரப்பட்டுக் குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் ஐந்து கழியும். டாஸ்அப்பை வென்ற அணிக்கு மட்டும் மூன்று பகுதி கொண்ட போனஸ் கேள்வி, பகுதிக்குப் பத்து வீதம் முப்பது புள்ளி. அதில் எதிரணி வாய் திறக்க முடியாது.

அந்த முப்பது புள்ளிதான் இந்தக் கதையின் உயிர்நாடி. ஜார்ஜியாவில் ஓர் அணி ஆட்டத்துக்கு 450 புள்ளி எடுக்கிறது, மின்னசோட்டாவில் ஓர் அணி 320 எடுக்கிறது என்றால் ஜார்ஜியா உசத்தி என்று சொல்லிவிட முடியாது. எதிரே உட்கார்ந்தவர்கள் ஊமையாக இருந்தால் யாரும் 450 எடுக்கலாம். ஆனால் போனஸில் எதிரி இல்லை. அணிக்கும் கேள்விக்கும் இடையே வேறெதுவும் இல்லை. ஒரே கேள்வித்தொகுப்பு வெவ்வேறு சனிக்கிழமைகளில் பல மாநிலங்களில் வாசிக்கப்படுகிறது. விளையாடி முடித்தவர்கள் கேள்விகளை வெளியே பேசக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. எனவே ஒரு போனஸுக்குச் சராசரியாக ஓர் அணி எத்தனை புள்ளி எடுக்கிறது என்ற ஒரே எண்ணை வைத்து, ஒருவரை ஒருவர் பார்த்தேயிராத இரண்டு அணிகளை ஒப்பிட முடியும். சராசரி இருபது என்றால் மூன்றில் இரண்டு பகுதிக்கு விடை தெரிகிறது. பதினைந்து என்றால் ஒன்றரை. ஊர்ச் சாம்பியன் என்று மாலை போட்டுக்கொண்ட அணிக்குப் பன்னிரண்டும், பக்கத்து மாநிலத்தில் நான்காவதாக வந்த அணிக்குப் பதினெட்டும் இருப்பது பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிடும். போட்டி முடிந்ததும் எல்லா எண்களும் பொதுவில் வெளியிடப்படுகின்றன.

இந்த எண்ணும் முழு உண்மை சொல்லாது. போனஸில் கூடிப் பேசலாம், டாஸ்அப்பில் கூடாது. நிறையத் தெரிந்தும் பஸ்ஸர் அழுத்தத் தயங்கும் பிள்ளைகள் நிறைந்த அணிக்குச் சராசரி உயரமாக இருக்கும், வெற்றி குறைவாக இருக்கும். ஆனாலும் ஊர்ப்பெருமையை வைத்துப் பேசுவதற்கும் ஓர் அளவுகோலை வைத்துப் பேசுவதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஊர்ப்பழக்கமும் குறுக்கே வரும். இல்லினாய் மாநிலத்தின் ஸ்காலஸ்டிக் பவுலில் நான்கு பேருக்குப் பதிலாக ஐந்து பேர் உட்காருவார்கள். தாளில் கணக்குப் போட்டு விடை சொல்லும் கேள்விகளும் நெடுங்காலம் அங்கே வழக்கத்தில் இருந்தன. கென்டக்கியில் 'கவர்னர்ஸ் கப்' என்ற பெரிய அமைப்பு 1986 முதல் இயங்குகிறது. அதில் எழுத்துத் தேர்வுகளும் உண்டு, குறுங்கேள்விகளுக்கு வேகமாக விடை சொல்லும் குவிக் ரீகால் சுற்றும் உண்டு. நூற்றுக்கணக்கான பள்ளிகளை ஆட்டத்துக்குள் கொண்டுவந்த ஏற்பாடுகள் இவை, குறைசொல்லத் தக்கவை அல்ல. ஆனால் ஆண்டு முழுக்கக் குறுங்கேள்வியில் விளையாடிய அணி தேசியப் போட்டிக்குப் போய் ஆறு வரிக் கேள்வியைக் கேட்கும்போது திகைத்துப்போகும். முதல் வரியில் எதுவும் பிடிபடாது. இரண்டாம் வரியில் எதிரணி அழுத்திவிடும். அந்தப் பிள்ளைகளிடம் அறிவு குறைவில்லை. அவர்கள் வேறொரு ஆட்டத்துக்குப் பழக்கப்பட்டவர்கள். மாநிலங்களை ஒப்பிடுகிற பேச்சில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

என்ஏகியூடி செய்த இன்னொரு காரியம், மாநில ஒதுக்கீடே வேண்டாம் என்றது. ஊர்ப் போட்டியொன்றில் தகுந்த இடம் பிடித்த எந்த அணியும் தேசியப் போட்டிக்குத் தகுதி பெறலாம். ஒரு பள்ளியிலிருந்து ஏ அணியும் வரலாம், பி அணியும் வரலாம். அண்மை ஆண்டுகளில் 300 அணிகளுக்கு மேல் மே மாதக் கடைசியில் ஒரு பெரிய ஹோட்டலில் கூடுகின்றன. எல்லா அணிக்கும் முதலில் பத்து ஆட்டம். வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் மோதும்படி ஆட்டங்கள் அமைகின்றன. ஆறு ஆட்டம் வென்றவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள். அங்கே இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. முதல் நாளே தோற்றுவிட்ட அணிக்கும் அன்று மாலைவரை தனக்குச் சமமானவர்களோடு ஆட்டம் உண்டு.

இருக்கையைத் திறந்துவிட்ட பிறகு கோப்பை எங்கெங்கே போனது என்று பாருங்கள். 2007இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்து மாகி வாக்கர். 2008இல் அதே மாநிலத்தின் தாமஸ் ஜெஃபர்சன். 2009இல், பரப்பில் ரோட் ஐலண்டுக்கு அடுத்த சிறிய மாநிலமான டெலவேரின் சார்ட்டர் ஸ்கூல் ஆஃப் வில்மிங்டன். 2011இல் பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ். 2012இல் சான் ஹோசேயின் பெலர்மின். 2015இல் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியா. 2018இல் டெக்சஸின் பிளேனோ வெஸ்ட். 2019இல் ஒஹாயோவின் பீவர்கிரீக், டேட்டன் நகரத்துக்குப் பக்கத்துப் புறநகர் அரசுப் பள்ளி. அகடமிக் டெகத்லானில் ஒரு பள்ளத்தாக்கில் முடங்கிய கோப்பை இங்கே நாடு சுற்றுகிறது.

காரணம் பல. ஒன்பது பேருக்குப் பதில் நான்கு பேர் போதும் என்பதால், அபூர்வமான ஒரு தலைமுறை ஒரு பள்ளியில் வந்து விழுந்தால் அது வென்றுவிடும். பழைய போட்டிகளின் ஆயிரக்கணக்கான கேள்விகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நல்ல பயிற்சியாளர் இல்லாத ஊர்ப் பிள்ளையும் இரவில் உட்கார்ந்து படிக்க முடியும். ஆனால் மேலே சொன்ன பெயர்களில் ஒரு வடு இருக்கிறது. மாகி வாக்கரும் தாமஸ் ஜெஃபர்சனும் அந்த ஆண்டுகளில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கிய பள்ளிகள். சுற்றியுள்ள பல மாவட்டங்களின் கூர்மையான பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை இழந்த பள்ளிகள் எப்படி ஈடுகொடுத்திருக்கும்? இதை உணர்ந்துதான் தேர்வு வைக்காத சிறிய அரசுப் பள்ளிகளுக்கென்று தனிப் பிரிவோடு சிறு பள்ளிகள் சாம்பியன்ஷிப்பும் பின்னால் வந்தது. விமானக் கட்டணம், ஹோட்டல், நுழைவுக் கட்டணம் என்று செலவு வேறு. மொன்டானாவிலிருந்து ஓர் அணி வரவில்லை என்றால் அங்கே அறிவு இல்லை என்று பொருளல்ல. பட்டியலில் இல்லாத வட்டாரத்தைப் பலவீனமான வட்டாரம் என்று எழுதுவது அநியாயம்.

இரண்டாமிடத்துக்காரருக்கு வாசலைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018ஆம் ஆண்டின் ஸ்கிரிப்ஸ் ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டியைவிடத் தெளிவான சான்று இருக்க முடியாது. அது தனிநபர் போட்டி, அணிப் போட்டி அல்ல. ஆனால் அமைப்பு அதேதான், வட்டாரத்துக்கு ஒருவர். டெக்சஸின் டாலஸ் சுற்றுவட்டாரத்தில் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் அதிகம், எழுத்துக்கூட்டல் அங்கே குடும்ப விளையாட்டு. அந்த ஆண்டு மெக்கின்னி நகரத்துப் பதினான்கு வயதுச் சிறுவன் தன் கவுண்டிப் போட்டியிலும் வெல்லவில்லை, வட்டாரப் போட்டியிலும் வெல்லவில்லை. பழைய விதியாக இருந்தால் அவன் தொலைக்காட்சியில் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஆண்டுதான் வட்டாரத்தில் வெல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று புது வழி திறந்திருந்தது. அவன் அதில் நுழைந்தான், தேசியக் கோப்பையை வென்றான். இறுதியில் அவனுக்கு எதிரே நின்றவள் பக்கத்து ஊரான ஃபிரிஸ்கோவைச் சேர்ந்த சிறுமி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட போட்டியாளர்களில் கடைசி இருவரும் அண்டை ஊர்க்காரர்கள்! பழைய விதியில் அவர்களில் ஒருவர் அந்த மேடையிலேயே இருந்திருக்க மாட்டார்.

ஆனால் அந்த வாசலுக்கு விலையும் இருந்தது. அடுத்த ஆண்டில் நுழைவுக் கட்டணமே 1,500 டாலர், பயணச் செலவு தனி. பணம் கட்டக்கூடிய குடும்பத்தின் இரண்டாமிடத்துப் பிள்ளை போனது, கட்ட முடியாத குடும்பத்தின் பிள்ளை நின்றது. சில ஆண்டுகளில் அந்த வழியை ஸ்கிரிப்ஸே மூடிவிட்டது. மூடியதற்குப் பதில், புள்ளியை வைத்துத் தகுதி தந்து செலவையும் ஏற்றிருக்கலாம்.

இதெல்லாம் எங்கோ நடக்கிற கதை என்று தமிழ்நாடு ஒதுக்கிவிட முடியாது. இந்தியாவின் பள்ளி வினாடி வினாக்களும் இதே பாதையில் வந்தவை. போர்ன்விட்டா குவிஸ் கான்டெஸ்ட் 1972இல் மேடையில் தொடங்கி, வானொலிக்குப் போய், 1992இல் தொலைக்காட்சிக்கு வந்தது. நாடு தழுவிய போட்டிகள் பலவற்றில் நகரச் சுற்று, மண்டலச் சுற்று, பிறகு ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் ஓர் அணி என்பதுதான் வழக்கம். சென்னை போன்ற ஊரில் வலுவான பள்ளிகள் பல இருக்கும். ஒன்று மேலே போகும். மற்றவற்றின் ஆண்டு ஓர் எழுத்துத் தாளோடு, முதல் அரைமணி நேரத்திலேயே முடிந்துவிடும். மாணவர்கள் அரங்கின் பின்வரிசையில் உட்கார்ந்து ஆறு அணிகளை வேடிக்கை பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுவார்கள். போதாக்குறைக்குக் கேள்வி ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு விடை தெரிந்திருந்தும் கேள்வி புரியாமல் போவது அறிவுப் போட்டியே அல்ல.

அரசுப் பள்ளிகளில் நல்லது நடந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2022இல் இணையவழி வினாடி வினாவில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைப் பள்ளிக் கல்வித்துறை துபாய், ஷார்ஜா அழைத்துப்போனது. முதல்முறையாக விமானம் ஏறிய பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக நடக்கும் போட்டிகள் தமிழிலேயே நடக்கின்றன. இது மிகப் பெரிய பலம். ஆனால் அங்கேயும் படிக்கு ஓர் அணி என்ற பழக்கம் வேரூன்றிவிட்டால் உட்லண்ட் ஹில்ஸ் கதைதான் நடக்கும்.

மாற்றுவதற்கு அதிகச் செலவு இல்லை. மாவட்டச் சுற்றை 38 மாவட்டத்திலும் ஒரே நாளில் ஒரே கேள்வித்தொகுப்பில் நடத்தலாம். எதிரணியின் வேகத்தைச் சாராத கேள்விகளில் ஒவ்வோர் அணியும் எடுத்த புள்ளியைப் பள்ளியின் பெயரோடு வெளியிடலாம். தோற்ற அணிகளை அன்றே வீட்டுக்கு அனுப்பாமல் மாலைவரை தங்களுக்குள் விளையாட வைக்கலாம். அதற்குத் தேவை நான்கு வகுப்பறையும் கேள்வி வாசிக்க நான்கு ஆசிரியர்களும்தான். மாநிலச் சுற்றுக்கு மாவட்டத்தின் முதல் அணிகள் 38ஐயும் அழைத்துவிட்டு, மீதமுள்ள எல்லா அணிகளிலிருந்தும் புள்ளி வரிசைப்படி இன்னும் 22 அணிகளை அரசுச் செலவில் அழைக்கலாம். அந்த 22இல் எத்தனை அணிகள் அரையிறுதிக்கு வருகின்றன, எந்தெந்த மாவட்டத்திலிருந்து வருகின்றன என்பதை முதல் ஆண்டிலேயே விரல்விட்டு எண்ணிவிடலாம்.